நடந்து எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா?

குழித்துறை_வாசி:

எடை 82 கிலோ, உயரம் 170 செ.மீ., வயது 36, ஆண். கடையில் பில் போடுகிற வேலை, பகல் முழுக்க நாற்காலிதான். வாரம் 5 நாள் காலையில் ஒரு மணி நேர நடை, 3 நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஷட்டில். வாரம் அரைக் கிலோ குறைய தினம் 1,850 கலோரி என்று ஆப் சொல்கிறது. ஆனால் நடந்து முடித்ததும் வாட்ச் 390 என்று காட்டுகிறது, ஆப் அதை அப்படியே கூட்டி "இன்று 2,240 வரை சாப்பிடலாம்" என்கிறது. ஷட்டில் நாளில் இன்னும் 600 ஏறும். இதைச் சாப்பிட்டால் எடை இறங்குமா? சாப்பிடாமல் விட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? ஜிம்மில் ஒருவர் சாப்பிடு என்கிறார், இன்னொருவர் தொடவே கூடாது என்கிறார்.

தராசு:

ஜிம்மில் சொன்ன இரண்டு பேருமே சரியாக இருக்கலாம். அந்த 1,850க்குள் உங்கள் பயிற்சி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கண்டுபிடிப்பது சுலபம்.

1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரம்: எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கைக் கழித்து, ஆணுக்கு 5 கூட்ட வேண்டும் (பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும்). உங்களுக்கு 1,708. சும்மா படுத்துக் கிடந்தாலும் செலவாவது இது. இப்போது ஆப் தந்த 1,850உடன், அரைக் கிலோவுக்காக அது கழித்த 500ஐத் திரும்பக் கூட்டுங்கள்: 2,350. இதை 1,708ஆல் வகுத்தால் 1.375. உங்கள் அன்றாட நடமாட்டத்துக்கு ஏற்ப ஆப் அந்த 1,708ஐப் பெருக்கும் எண் இது. அதாவது ஆப்பை நிறுவும்போது 'லைட்லி ஆக்டிவ்' (லேசான நடமாட்டம்) என்பதைத் தட்டியிருக்கிறீர்கள். நாற்காலி வேலைக்கு உரியது 1.2. மேலே உள்ள வித்தியாசம் உங்கள் நடையும் ஷட்டிலும்தான். அதே நடையை வாட்ச் வழியாக இன்னொரு தடவை வரவு வைக்கிறது ஆப்.

இனி அந்த 390. சமதரையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பது சுமார் 3.5 மெட். ஒரு மெட் என்பது கிலோவுக்கு, மணிக்கு ஒரு கலோரி. உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு. 3.5 × 82 = 287. அதில் 82 கலோரி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் போயிருக்கும். நடையால் கூடுதலாகப் போனது 205 மட்டும். குழித்துறையில் ரோடு ஏறி இறங்குமே என்றால், ஏற்றத்தில் மெட் 5க்கு மேல் போகும், இறக்கத்தில் அதே அளவுக்கு இல்லாவிட்டாலும் குறையும், 390 வராது. ஷட்டிலில் சாதாரண ஆட்டம் 5.5 மெட். டபுள்ஸில் ஆள் மாறுவது, தண்ணீர் குடிப்பது, பேசி நிற்பது எல்லாம் போக ஒரு மணி நேரத்தில் 40 நிமிடம் ஆட்டம் என்று வைத்து, உட்கார்ந்திருந்தாலும் போகும் 1 மெட்டைக் கழித்தால் 4.5 × 82 × 40/60 = 246.

வாரத்துக்கு 5 நடை 1,025, 3 ஷட்டில் 738. ஏழால் வகுத்தால் நாளுக்கு 252. நாற்காலி வாழ்க்கையின் 2,050உடன் (1,708 × 1.2) கூட்டினால் 2,302. ஆப்பின் 2,350க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, பார்த்தீர்களா?

வாட்ச் சொன்னதை எல்லாம் சாப்பிட்டால் என்ன ஆகும்? வாரம் 3,750, நாளுக்கு 536. நீங்கள் கழித்த 500 முழுதாகப் போய், மேலே கொஞ்சம் மிஞ்சும். மாதக்கணக்கில் நடந்தும் எடை நகரவில்லை என்கிற பாதிப் பேரின் கதை இதுதான்.

ஆக, வழி இரண்டு. ஒன்று: 1,850ஐ வைத்துக்கொண்டு, வாட்சிலிருந்து ஆப்புக்குப் போகும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, எல்லா நாளும் ஒரே அளவு சாப்பிடுவது. இரண்டு: அமைப்பை 1.2க்கு மாற்றி 1,550இல் தொடங்கி, நடந்த நாளில் 200, ஷட்டில் நாளில் 250 மட்டும் கூட்டுவது. மழைக்காலத்தில் நடை பாதி நாள் தவறிப்போகும் என்றால் இரண்டாவதுதான் நல்லது. மற்றபடி முதலாவதில் தலைவலி குறைவு.

நாகர்கோவில்_அக்கா:

தம்பி சொன்ன கணக்குடன் ஒன்று சேர்க்கிறேன். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரி 27 சதவீதம் பிசகியது. ட்ரெட்மில்லின் திரை இன்னும் மோசம், கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடப்பது அதற்குத் தெரியாது. தவிர, 2021இல் வந்த ஆய்வொன்றில், பயிற்சியில் செலவாவதில் சராசரி 28 சதவீதத்தை உடம்பு வேறு செலவில் சிக்கனம் பிடித்து ஈடுகட்டுவதாகத் தெரிந்தது. சூத்திரத்தில் வரும் 200லும் 250லும்கூட முக்கால்வாசியைச் சாப்பிட்டால் போதும். வாட்ச் எண்ணை மட்டும்தான் பார்ப்பேன் என்றால் பாதி.

ஆனால் "தொடவே கூடாது" என்பதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறிப்பாகப் பெண்கள். 55 கிலோ பெண், கொழுப்பு நீங்கலான எடை 40 கிலோ என்று வையுங்கள். 1,300 சாப்பிட்டு, ஓட்டத்தில் 400 செலவழித்தால் மிச்சம் 900. அந்த 40 கிலோவில் கிலோவுக்கு 22 கலோரிதான். இது 30க்குக் கீழே தொடர்ந்து போனால் மாதவிலக்கு தவறுவது, எலும்பில் கீறல் விடுவது, எப்போதும் குளிராக உணர்வது என்று வரிசையாக வரும். இப்படி ஓடுகிறவர்கள் கட்டாயம் திரும்பச் சாப்பிட வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளைமிபிரைடோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது. சர்க்கரை திடீரென இறங்கும். சட்டைப்பையில் 15 கிராம் குளுக்கோஸ் இருக்கட்டும், மருந்தளவை டாக்டரிடம் பேசிவிட்டு உணவைக் குறையுங்கள்.

குலசேகரம்_மலை:

அக்கா, ரப்பர் பால்வெட்டுகிறவர்களுக்கு எப்படி? விடியும் முன்னே சரிவில் முந்நூறு மரம், பிறகு பால் எடுத்துச் சுமப்பது.

நாகர்கோவில்_அக்கா:

அது பயிற்சி இல்லை மக்ளே, வேலை. தினமும் நடப்பதால் பெருக்கத்திலேயே சேரும், 1.55க்குக் குறையாமல் வையுங்கள். தனியாகக் கூட்டாதீர்கள். மழையில் வெட்டு நிற்கும் வாரங்களில் மட்டும் 1.375க்கு இறக்குங்கள். அந்த மாதங்களில்தான் பலருக்கு எடை ஏறுகிறது. சாப்பாடு பழைய அளவிலேயே நிற்கும்.

மட்டிப்பழம்:

வாட்சைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தட்டில் நடக்கும் பிசகு அதைவிடப் பெரிது. நம்ம ஊர்ச் சாப்பாட்டில் கலோரி ஒளிந்திருப்பது தேங்காயில். துருவல் 30 கிராம், ஒரு கைப்பிடிதான், 100 கலோரி. புட்டுக்கு அடுக்குக்கு அடுக்கு போடுவதை யாரும் எழுதுவதில்லை. மீன் குழம்புக்கு அரைத்ததும், தாளித்த தேங்காய் எண்ணெயும் (ஒரு மேசைக்கரண்டி 120) அப்படியே. வேகவைத்த மரச்சீனி 100 கிராமுக்கு 150 பக்கம் வரும். தட்டு நிறைய என்றால் 300 கிராம், 450 கலோரி. இரண்டு நாள் நடை அதிலேயே போச்சு. நேந்திரம் சிப்ஸ் 100 கிராம் 500ஐத் தாண்டும். சிவப்புச் சம்பா அரிசிச் சோறு என்றால் கலோரி குறைவு என்று ஒரு நம்பிக்கை உண்டு. வெந்த சோறு 100 கிராமுக்கு வெள்ளையோ சிவப்போ 130தான், கூடுதலாக வருவது நார்ச்சத்து.

சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, குழம்புக்குப் போடும் தேங்காயை மொத்தமாக எடை போட்டு, ஆள் எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள். ஷட்டில் நாளில் சாப்பிட வேண்டிய அந்த 200ஐ, இரண்டு முட்டையும் ஒரு மட்டிப்பழமும் என்று வைத்துக்கொள்ளலாம். வீடு திரும்பும் வழியில் பொரோட்டாக் கடையில் ஏறினால் ஒன்றே 300.

குழித்துறை_வாசி:

இணைப்பைத் துண்டித்துவிட்டேன், 1,850இலேயே இருக்கப்போகிறேன். அந்த எண் எனக்குச் சரியா என்று எப்படித் தெரியும்?

தராசு:

தினமும் காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைக் கண்டுகொள்ளாமல் வாரச் சராசரி எடுங்கள். முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: தசையில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சோறு குறைந்ததும் அது இறங்கிவிடும். கருவாடு சாப்பிட்ட மறுநாள் ஏறுவதும் தண்ணீர்தான்.

அடுத்த 4 வாரத்தில் சராசரி 1.6 கிலோ குறைந்தது என்று வையுங்கள். கிலோவுக்கு 7,700 வீதம் 12,320. 28ஆல் வகுத்தால் நாளுக்கு 440. 1,850உடன் கூட்டினால் 2,290. உங்கள் உண்மையான செலவு அதுதான், பயிற்சி, வாட்ச் பிழை, எழுதாமல் விட்ட தேங்காய் எல்லாம் அதற்குள் அடக்கம். குறைந்தது 0.8 கிலோதான் என்றால் தினம் 150 முதல் 200 வரை குறையுங்கள். 3 கிலோ இறங்கி, ஷட்டிலில் கால் தளர்ந்து, தூக்கமும் கெட்டால் 300 கூட்டுங்கள்.

எடை 77க்கு வந்ததும் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். 1,708 அப்போது 1,658 ஆகிவிடும், நடையின் 205உம் 192 ஆகிவிடும்.