மறு: எத்திசையில் அளந்தாலும் அகலம் மாறாத வடிவத்துக்குக் கலைச்சொல்

> மேன்ஹோல் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற கேள்விக்கு அடிப்படையான பண்பு இது. "சமவிட்ட வடிவம்" என்று வைக்கலாமா?

"விட்டம்" வேண்டாம் ஐயா. விட்டம் என்றாலே மையம் வழியாகப் போகும் கோடு. இங்கே அளப்பது, வடிவத்தை இருபுறமும் தொட்டு நிற்கும் இரண்டு இணைகோடுகளுக்கு இடைப்பட்ட தூரம், அது அகலம்தான். 60 செ.மீ. சதுர மூடி, 56 செ.மீ. சதுரத் துளை என்று வையுங்கள். துளையின் மூலைவிட்டம் 79 செ.மீ. மூடியை நிமிர்த்தி மூலைவாட்டில் பிடித்தால் உள்ளே போய்விடும். வட்டத்தில் அப்படி ஒரு நீண்ட வழி கிடையாது. ரூலோ முக்கோணத்திலும் கிடையாது. சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு உச்சியிலும் காம்பஸை ஊன்றி, பக்க நீளத்தையே ஆரமாக வைத்து எதிரே வில் போட்டால் வருவது அது.

> அப்படியானால் "சீரகல வடிவம்"? சுருக்கமாக இருக்கிறதே.

சீர் என்றதும் சமச்சீர்தான் மனத்தில் வரும். இந்தப் பண்புக்குச் சமச்சீர் தேவையே இல்லை. அஆ = 4, ஆஇ = 6, இஅ = 5 என ஒரு முக்கோணம் வரைந்து பக்கங்களை இருபுறமும் நீட்டுங்கள். அ, இ, ஆ, அ, இ, ஆ என்ற வரிசையில் காம்பஸை ஊன்றி 7, 2, 8, 4, 9, 3 ஆரங்களில், அந்தந்த உச்சி வழியே போகும் இரு கோடுகளுக்கு இடையே மட்டும் வில் போட்டு, ஒரு வில் முடிந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்குங்கள். முதல் வில் ஆஇ பக்கத்துக்கு அப்பால் விழ வேண்டும். ஆறாவது வில் முதல் வில்லோடு வந்து சேரும். கோணலான வடிவம், அகலமோ எங்கும் 11.

ஆகவே "மாறா அகல வளைவரை" என் முன்மொழிவு. பாடநூலில் மாறிலி, வளைவரை இரண்டும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. புணர்த்தி "மாறாவகல" என்று எழுத வேண்டாம், படிக்கத் தடுக்கும்.

> வழிமொழிகிறேன். பட்டறைக்கும் இச்சொல் அவசியம்.

மிகவும் அவசியம். வெர்னியரில் (இரு தாடைகளுக்கு இடையே வைத்து அளக்கும் கருவி) நாலு பக்கமும் ஒரே அளவு வந்தால் தண்டு உருண்டை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மையமில்லா கிரைண்டிங்கில் (தண்டை மையத்தில் பிடிக்காமல் இரு சக்கரங்களுக்கு இடையே உருட்டித் தேய்ப்பது) மூன்று மேடு விழுந்த தண்டும் அதே அளவைத்தான் காட்டும். பேரிங்கில் ஏற்றும்போதுதான் சிக்கும். 60 பாகை வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளம் உள்ள தாங்கு கட்டை) வைத்து, டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) மேலே தொடவிட்டுச் சுற்றினால் முள் ஆடும். ஐந்து மேடு என்றால் அந்த வி-பிளாக்கும் காட்டாது, 90 பாகை வேண்டும்.