உப்பைத் தூவ முன் ஒருக்கா பாருங்கோ: காலி, களுத்துறைப் பக்கத்து ஆக்களிட்ட ஒரு உதவி

நேற்று பக்கத்து வளவில ஒரு வாளி நிறைய நத்தை, மேல உப்பு. எட்டிப் பார்த்தா முக்கால்வாசி ஆபிரிக்க நத்தை, சரிதான். ஆனா அடியில மூன்று அகாவஸ், எங்கட நாட்டு மர நத்தை, கிடந்திச்சு. ஓட்டு வாயோரம் நல்ல சிவப்பு. அதின்ர விஞ்ஞானப் பேர் 'அகாவஸ் ஹீமஸ்டோமா'. 'ஹீமஸ்டோமா' எண்டால் 'இரத்தவாய்' எண்டுதான் அர்த்தமாம்.

அகாவஸ் இலங்கையில மட்டும்தான் இருக்கு. அதின்ர சொந்தபந்த நத்தையள் மடகாஸ்கரில. இரண்டு நிலமும் ஒட்டியிருந்த காலத்தில இருந்து வாற, அவ்வளவு பழைய வம்சம். ஆபிரிக்க நத்தை ஒரு தடவையில நூற்றுக்கு மேல முட்டை போடும். அகாவஸுக்குச் சில பெரிய முட்டைதான். அதால மூன்று போனாலும் பெரிய இழப்பு.

அடையாளம் லேசு. ஆபிரிக்க நத்தை நீளமா, கூம்பு மாதிரி, பழுப்புக் கோடுகளோட இருக்கும். அகாவஸ் பதிஞ்ச உருண்டை, சுற்றுக் குறைவு, வாய் பெரிசு. மரத்தில ஏறி பட்டையில இருக்கிற பாசியை மேயும். உங்கட பப்பாசிக் கன்றைத் தின்றது அது இல்ல!

கேட்கிறது இதுதான். நத்தை கொல்லுற குளிகையை வளவெல்லாம் வீசாதீங்கோ, அது ஆள் பார்த்துக் கொல்லாது. ஆபிரிக்க நத்தையை இரவில கையுறை போட்டுப் பொறுக்குங்கோ, வெறுங்கை வேண்டாம், அதில ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். பழைய பலா, கமுகு மரங்களின்ர பாசியைச் சுரண்டாம விடுங்கோ. அகாவஸ் கண்டா அந்த இடத்திலயே விட்டிட்டு, படமும் ஊர்ப் பேரும் இங்க போடுங்கோ. வீட்டு விலாசம் வேண்டாம், ஓடு சேர்க்கிற ஆக்களும் இருக்கினம்.

சிங்களத்தில ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தர யாராலும் ஏலுமா? பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல்ல குடுக்கோணும்.