தாபாஸ் கடையில் நடந்தது எதையாவது இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இங்கே எழுதுங்கள்

ரியலேஹோ மருமகள்:

ஸ்பெயினில் கிரனாடாவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு தாபாஸ், அதாவது கொறிக்கச் சிறு பண்டம், சும்மா வரும், என்ன வரும் என்பது கடைக்காரர் இஷ்டம். ஊரிலிருந்து வந்திருந்த அத்தைக்குத்தான் இதெல்லாம் தெரியாது. அவர் சுத்த சைவம். எங்கள் தெருமுனைக் கடை, ராத்திரி ஒன்பது மணி, உட்கார இடமே இல்லை, கவுண்டர் ஓரமாக நின்றோம். நின்ற இடத்துக்கு நேர் மேலே வரிசையாகப் பன்றித் தொடை தொங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் கீழே கொழுப்பு சொட்டினால் பிடிக்க ஒரு குட்டிக் கிண்ணம் குத்தி வைத்திருக்கிறார்கள். அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு "ஏம்மா, மேல என்ன தொங்குது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் "அலங்காரம்மா" என்றுவிட்டார்.

அவருக்கு பியர், எனக்கு டின்டோ என்கிற சிவப்பு ஒயின், அத்தைக்கு மோஸ்தோ, அதாவது புளிக்காத திராட்சைச் சாறு. தட்டு வந்தது, ரொட்டி மேல் ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சி. கடைக்காரர் அத்தையின் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு ஒன்று கொண்டுவந்தார். மெலிதாகச் சீவி மொறுமொறுவென்று பொரித்த கத்தரிக்காய், மேலே கறுப்பாகக் கரும்புப் பாகு. அத்தை ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார், கடித்தார், அப்புறம் எங்கள் இருவருக்கும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இன்னொரு தட்டு காசு கொடுத்தே வாங்கலாம் என்று கேட்டேன். முடியாது என்று தலையாட்டிவிட்டார். அது பானத்தோடு வருவது, அடுத்த பானத்துக்கு அடுத்த தட்டு, அவ்வளவுதான். சரி என்று இன்னொரு மோஸ்தோ சொன்னோம். வேகவைத்த உருளைக்கிழங்கும் ஆலிவும் வந்தது. அத்தை இப்போது ஊரில் எல்லோரிடமும் ஸ்பெயினில் கத்தரிக்காயைக் காசுக்கு விற்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷன் ஏன் விற்கவில்லை? யாராவது சொல்லுங்களேன்.

பார்சா பித்தன்:

சும்மா வரும், சும்மா வரும் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இப்படி எதையோ படித்துவிட்டுத்தான் என் தம்பியும் அவன் நண்பர்களும் பார்சிலோனாவில் வந்து இறங்கினார்கள். இங்கே ஒரு ஆலிவ்கூட சும்மா வராது (சில பழைய கடைகளில் வரலாம், அதை நம்பிப் போகாதீர்கள்). கிரனாடா, அல்மெரியா, ஹாயென், வடக்கே லியோன், இந்த மாதிரி ஊர்களில்தான் அந்தப் பழக்கம்.

சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ராம்ப்லாஸ் தெருப் பக்கம் ஒரு கடை, வாசலில் படம் போட்ட பலகை, சங்ரியா (பழம் போட்ட ஒயின்) என்று பெரிதாக எழுதியிருந்தது, பசங்க உட்கார்ந்துவிட்டார்கள், நான் போய்ச் சேர்வதற்குள் நான்கு கிளாஸ் வந்துவிட்டது. கிளாஸா அது! இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடியும். பாதிக்கு மேல் ஐஸ், ஒரு ஆரஞ்சுத் துண்டு, நிறம் மட்டும் நல்ல சிவப்பு. ஒன்று 15 யூரோ. பில்லில் அதற்குக் கீழே ரொட்டிக்கு ஒரு வரி, வெளியே உட்கார்ந்ததற்கு ஒரு வரி. ரொட்டி நாங்கள் கேட்கவே இல்லையே என்றேன். சர்வர் பேனாவை எடுத்து மெனு அட்டையின் அடியில், மடிப்புக்கு உள்ளே இருந்த பொடி எழுத்தின் மேல் டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டினார். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேனாச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. பசங்க ரொட்டியைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள், அதற்கு மேல் என்ன சண்டை போடுவது.

மாட்ரிட் பழைய ஆள்:

பித்தன் தம்பி, படம் போட்ட பலகை இருக்கும் கடையில் உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும். என் கதை சின்னது. மாட்ரிட்டில் லவாப்பியெஸ் பகுதியில் ஒரு கடை, ஜனவரி மாதக் குளிர், என்னோடு வந்தவர் சங்ரியாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடைக்காரர் எங்கள் கண்ணெதிரே ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து, மூலையைக் கத்தரியால் வெட்டி, ஜாடியில் ஊற்றினார். மறைக்கக்கூட இல்லை. அவ்வளவுதான் கதை.

ஆனால் புதிதாக வருபவர்களுக்குச் சிலது சொல்லியாக வேண்டும். சங்ரியா வீட்டில் கலக்கினால்தான் சங்ரியா: அதிக விலையில்லாத இளம் சிவப்பு ஒயின், ஆரஞ்சு, எலுமிச்சை, பீச், சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, விருப்பப்பட்டால் கொஞ்சம் பிராந்தி, சில மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் ஊற வைத்துக் கடைசியில் சோடா. உடனே கலக்கி உடனே கொடுத்தால் அது ஒயினில் மிதக்கும் பழம். அமெரிக்கர்களுக்கு இது பெரிய அளவில் அறிமுகமானது 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில், ஸ்பெயின் அரங்கில். அதற்கப்புறம் சுற்றுலாப் பயணி என்றால் சங்ரியா என்று ஆகிவிட்டது. 2014இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் தயாரித்ததைத்தான் வெறுமனே சங்ரியா என்று பெயரிட்டு விற்கலாம். ஆல்கஹால் குறைந்தது 4.5 சதவீதம், 12க்குக் கீழே இருக்க வேண்டும். ஆகவே சாறு என்று நினைத்து வெயிலில் மூன்று கிளாஸ் குடிக்காதீர்கள்.

உள்ளூர்க்காரர்கள் கோடையில் கடையில் கேட்பது டின்டோ டி வெரானோ. சிவப்பு ஒயினும் இனிப்புச் சோடாவும் ஏறக்குறைய சரிபாதி, ஐஸ், எலுமிச்சைத் துண்டு. இதில் ஏமாற்ற ஒன்றும் இல்லை, விலையும் குறைவு. அப்புறம் நேரம். ஏழு மணிக்குப் போய்ச் சமையலறை மூடியிருக்கிறது என்று கோபப்படுகிறார்கள். இந்த நாட்டுக் கடிகாரத்தை 1940இல் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியவர்கள் திருப்பி வைக்கவே இல்லை, இங்கே ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான். கவுண்டரில் நின்றால் பல கடைகளில் ஒரு விலை, வெளி மேசையில் இன்னொரு விலை, உட்காரும் முன் பாருங்கள். ஒரே கடையில் வயிறு நிரப்பாதீர்கள், இங்கே ஒன்று, அடுத்த கடையில் ஒன்று என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஞாயிறு காலை ராஸ்த்ரோ சந்தை முடிந்ததும் லா லத்தீனா பக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ப் பாருங்கள். கீழே கசக்கிப் போட்ட காகித நாப்கின் கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள், பழைய கடைகளில் அது பழக்கம்.

செவில் சித்தி:

அண்ணா, நீங்கள் எழுதியது பயண வழிகாட்டி, அனுபவம் முதல் பத்தியோடு முடிந்துவிட்டது. சங்ரியா சுற்றுலாப் பயணிக்கு மட்டும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் மாடியில் இருக்கும் பாட்டி பேரன் பிறந்தநாளுக்குப் பெரிய பானையில் கலக்கி வைத்துக் கரண்டியால் மொண்டு ஊற்றினார், குடித்த அத்தனை பேரும் இந்தத் தெருக்காரர்கள்.

மருமகளுக்குப் பதில்: "ராசியோன்" என்று கேட்டிருக்க வேண்டும். இங்கே செவிலில் அட்டையிலேயே மூன்று அளவு போட்டிருப்பார்கள், சின்னது தாபா, நடுவில் பாதி ராசியோன், முழுத் தட்டு ராசியோன். உங்கள் ஊரில் பானத்தோடு வருவதற்குத் தனி விலையே கிடையாது, முதல் பானத்துக்கு இது, இரண்டாவதுக்கு அது என்று சமையலறையில் வரிசை வைத்திருப்பார்கள். விலை இல்லாததை அவர் எப்படி விற்பார்?

என் கதை எல் ரின்கொன்சில்யோவில். 1670இலிருந்து இருக்கும் கடை, எல்லோருக்கும் தெரியும். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த தட்டு வாங்கினோம், சீரக வாசனை தூக்கியது, ஒரு வாய் சாதம் இருந்தால் போதும் என்று இருந்தது. பரிமாறுபவர் ஒவ்வொன்றுக்கும் எங்கள் முன்னால் இருந்த மரக் கவுண்டரிலேயே சாக்பீஸால் விலையைக் கிறுக்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் ஆடிட்டர். தலைகீழாகத் தெரிந்த எண்களை மனசுக்குள் கூட்டிக்கொண்டே சாப்பிட்டார். கடைசியில் பரிமாறுபவர் ஒரு கோடு போட்டு மொத்தம் எழுதினார், நாங்கள் காசை வைத்தோம், நான் போட்டோ எடுக்க போனை எடுப்பதற்குள் ஈரத்துணியால் ஒரே இழுப்பு. கணக்கு சில்லறை வரை சரிதான். ஆனால் ஆடிட்டருக்குத்தான் தாங்கவில்லை. "ரெகார்டே இல்லையே, ரெகார்டே இல்லையே" என்று ஹோட்டல் வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தார்.

சைவன்:

மருமகள் கொடுத்து வைத்தவர். முகத்தைப் பார்த்துத் தட்டை மாற்றுகிற கடைக்காரர் எனக்கு வாய்க்கவே இல்லை. கோர்தொபாவில் சல்மொரெஹோ கேட்டேன், தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் போட்டுக் கெட்டியாக அரைத்துக் குளிரக் கொடுப்பது. இறைச்சி இல்லையே என்று ஸ்பானிஷில் கேட்டேன், இல்லை என்றார். வந்ததில் மேலே அவித்த முட்டையும் ஹமோன் பொடித்துண்டும். காட்டினேன். "இறைச்சி இல்லை, ஹமோன்" என்றார், அதுவும் எனக்குப் பாடம் சொல்லித் தருகிற குரலில். சரி, மாற்றித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனார். ஒரு நிமிடத்தில் கிண்ணம் திரும்பி வந்தது. அதே கிண்ணம். துண்டுகளைப் பொறுக்கி எடுத்த இடத்தில் குழி குழியாக இருக்கிறது, ஒவ்வொரு குழியிலும் கொழுப்பு பளபளக்கிறது. அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

"வெஹெதால்" என்று எழுதியிருக்கும் சாண்ட்விச்சில் டூனா மீன் இருக்கும், ரஷ்ய சாலடிலும் இருக்கும். "இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம், ஹமோனும் வேண்டாம்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மருமகளுக்கு இன்னொன்று: அந்தக் கத்தரிக்காயைப் பல கடைகளில் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பார்கள்.

ரியலேஹோ மருமகள்:

அதை இப்போது ஏன் சொல்கிறீர்கள்! அத்தையும் இந்தப் பக்கம் படிப்பார்.

லாச்சப்பல் தம்பி:

நாங்கள் பாரிஸில் இருந்து ரயிலில் பிரெஞ்சு எல்லையில் இருக்கிற ஆன்தாய் வரைக்கும் வந்து, அங்கிருந்து சின்ன ரயில் பிடித்து சான் செபஸ்டியன் போனோம், நானும் மச்சானும். அங்கே தாபாஸ் என்று சொன்னால் கோவிப்பார்கள், பின்ச்சோ. கவுண்டர் முழுக்கத் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள், நாங்களே எடுத்துச் சாப்பிடலாம், சூடானது வேண்டுமென்றால் கேட்க வேண்டும். ஆலிவ், நெத்தலி மீன், பச்சை மிளகாய் ஊறுகாய் மூன்றையும் ஒரு குச்சியில் குத்திய ஹில்தா எனக்குச் சரியான விருப்பம். 1946இல் வந்த ஹாலிவுட் படத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்களாம். சங்ரியா அங்கே ஒருத்தரும் குடிக்கவில்லை, சாக்கோலி என்று ஒரு வெள்ளை ஒயின், போத்தலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஊற்றுகிறார்கள்.

நாங்கள் போன கடையில் சாப்பிட்டு முடியக் குச்சியை எண்ணித்தான் காசு. எல்லாக் கடையிலும் இப்போது அப்படி இல்லை. கடைக்காரர் வயசான மனுசன், எவ்வளவு என்று கேட்டார். எங்களிடம் இருந்தது ஏழு. மச்சான் மெதுவாக, "அஞ்சு எண்டு சொல்லடா, ஆருக்கு விளங்கப்போகுது" என்றான். இரண்டு குச்சியை அதற்குள் காலுக்குக் கீழே விழுத்தியும் விட்டான். நான் சொல்ல முதலே அந்த மனுசன் சிரித்துக்கொண்டு ஒரு கையில் ஐந்து விரலும் மற்றக் கையில் இரண்டு விரலும் தூக்கிக் காட்டினார். அவர் எண்ணினதை நாங்கள் காணவே இல்லை. கடை முழுக்கச் சனம், அவர் மறுபக்கம் ஆரோடோ கதைத்துக்கொண்டு நின்றவர். மச்சான் காசைக் கொடுத்துவிட்டு, கேளாமலே இன்னும் ஒரு ஹில்தாவுக்கும் சேர்த்து வைத்துவிட்டு வந்தான்.

காரசாரம்:

சைவனுக்கு நான் சொல்வது பாத்ரோன் மிளகாய். எண்ணெயில் வதக்கிக் கல்லுப்பு தூவியது, ஹமோனுக்கு அதில் வேலையே இல்லை. கலீசியாவில் விளைவது, சிலது காரம், சிலது இல்லை என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆபீஸில் கலீசியாக்காரர் ஒருவர், தமிழனுக்குக் காரம் தாங்குமா பார்க்கலாம் என்று தட்டை என் முன்னால் தள்ளினார். ஒன்றொன்றாகக் காம்பைப் பிடித்துக் கடித்துக்கொண்டே போகிறேன், குடைமிளகாய் சாப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறது, நானும் பேச ஆரம்பித்துவிட்டேன், குண்டூர், கோவில்பட்டி என்றெல்லாம். என் பேச்சை நிறுத்துவதற்காக அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அப்படியே நின்றுவிட்டார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது, விக்கல் வந்தது, பக்கத்து மேசையில் இருந்த யாருடையதோ சங்ரியாவை எடுத்து மடமடவென்று குடித்தார், பழத்தோடு. அந்தப் பெண்மணி காலி கிளாஸைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார். புது கிளாஸுக்கு நான்தான் காசு கொடுத்தேன். காரமானது தன் பக்கம் வருகிற மாதிரி நான் தட்டைத் திருப்பி வைத்தேன் என்று அந்த ஆள் இன்றைக்கும் ஆபீஸில் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் தட்டைத் தொடவே இல்லை.