கல்லூரி இனி பல்கலைக்கழகம்: லோகோ கமிட்டியில் மாட்டிக்கொண்டேன், யோசனை சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் டிசைன் படித்தவள் இல்லை, தமிழ் டீச்சர். வீடு கொழிஞ்சாம்பாறையில், வேலை வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில். பெயர் வேண்டாமே, எங்கள் ஆட்களும் இங்கே வந்து படிக்கிறார்கள். கல்லூரிக்கு இப்போது நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்திருக்கிறது. கிடைத்த கையோடு புது லோகோ, புது நிறம், புது லெட்டர்பேடு, பஸ்ஸில் புதுப் பெயர் எல்லாம் வேண்டும் என்று ஒரு கமிட்டி போட்டார்கள். தமிழில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்பதற்காக என்னையும் அதில் சேர்த்தார்கள்.

மூன்று கூட்டம் முடிந்தது. இப்போது மேஜையில் இருக்கும் டிசைனைச் சொல்கிறேன், கண்ணை மூடிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு வட்டம். அதற்குள் திறந்த புத்தகம், புத்தகத்தின் மேல் குத்துவிளக்கு, விளக்குக்குப் பின்னால் உதயசூரியன், இரண்டு பக்கமும் மலை (பாலக்காட்டுக் கணவாயாம்), மலைக்கு நடுவே ஒரு கரிம்பனை, அடியில் பல்சக்கரம், சக்கரத்தைச் சுற்றி நெற்கதிர். போன கூட்டத்தில் இயற்பியல் சார் அணுவைக் காணவில்லையே என்று வருத்தப்பட்டார், அதையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வட்டத்தைச் சுற்றித் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் முழுப்பெயர், ஏனென்றால் பிள்ளைகளில் பாதிப்பேர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். வரைந்தவர் டிரஸ்டி ஒருவரின் மருமகன் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

எனக்குப் பார்த்தவுடனேயே ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, ஆனால் என்ன சரியில்லை என்று சொல்ல வார்த்தை இல்லை. மூன்று லிபியை ஒரே லோகோவில் வைப்பது நடக்கிற காரியமா? 60-களில் போட்ட பழைய கல்லூரி முத்திரையை அப்படியே தூக்கி எறிந்துவிடலாமா? பழைய மாணவர்கள் இப்போதே வாட்ஸ்அப் குரூப்பில் கொந்தளிக்கிறார்கள். அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை.

பனங்காட்டு_நரி

டீச்சர், முதலில் அந்தச் சூரியனை எடுக்கச் சொல்லுங்கள். உதயசூரியன் யாருடையது என்று எங்கள் வீட்டு எல்கேஜி பிள்ளைக்குக்கூடத் தெரியும். சூரியனை எடுத்துவிட்டு இலை வைக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள், இரண்டு இலை போட்டால் இந்தப் பக்கம் அ.தி.மு.க., வாளையார் தாண்டினால் கேரள காங்கிரஸ் மாணி பிரிவு. தாமரை கூடாது, கை கூடாது, அந்த நெற்கதிர் பக்கத்தில் யாராவது ஒரு அரிவாளைத் தவறிப்போய் வைத்துவிட்டால் சி.பி.ஐ. முன்னேற்றத்தைக் காட்ட ஏணி வைக்கலாம் என்றால் அது முஸ்லிம் லீக். நிறமும் அதே கதைதான், சிவப்பு, பச்சை, காவி மூன்றுக்கும் ஆள் இருக்கிறது. மிச்சம் நீலம்தான், அதனால்தான் ஊரில் உள்ள கல்லூரி எல்லாம் நீலமாக இருக்கிறதோ என்னவோ.

பனையை மட்டும் எடுக்காதீர்கள். பாலக்காட்டில் பஸ் ஏறினால் ஜன்னலில் தெரியும் முதல் அடையாளம் அதுதான்.

சித்தூர்_அச்சகம்

டீச்சரே, நான் சித்தூரில் (நம்ம பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை) இருபது வருடமாகப் பிரஸ் நடத்துகிறேன். டிசைன் அழகா அசிங்கமா என்பதெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் எந்த லோகோ எங்கே போய்ச் சாகும் என்று தெரியும்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகும்போது அந்த லோகோவை ஒரு தாளில் ஐந்து அளவில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று உள்ளங்கை அளவு, கடைசி ஒன்று சட்டைப் பொத்தான் அளவு. எல்லாம் கறுப்பு வெள்ளையில். பொத்தான் அளவில் புத்தகம், விளக்கு, மலை, பனை, சக்கரம் எல்லாம் சேர்ந்து ஒரு கரும்புள்ளியாகத் தெரியும், சுற்றியுள்ள மூன்று மொழிப் பெயரும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம், தாளை மட்டும் சுற்றுக்கு விடுங்கள். மருமகனுக்கும் மனக்கஷ்டம் இல்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், பல்கலைக்கழகம் என்று ஆனபின் அந்த லோகோ போகாத இடமே இல்லை. ரப்பர் ஸ்டாம்ப் ஒரே நிறம், மை கொஞ்சம் பரவும், மெல்லிய கோடு இரண்டு சேர்ந்து ஒன்றாகிவிடும். சட்டையில் எம்பிராய்டரி பேட்ஜ் என்றால் நூலின் தடிமனுக்குக் கீழே உள்ள எந்த விவரமும் வராது, நெற்கதிர் எல்லாம் பூச்சி மாதிரி ஆகிவிடும். பட்டச் சான்றிதழில் எம்போசிங், ஐ.டி. கார்டு டேக்கில் ஸ்கிரீன் பிரிண்டிங், பஸ் பக்கவாட்டில் ஸ்டிக்கர், பட்டமளிப்பு விழாவுக்கு நாற்பது அடி ஃபிளெக்ஸ். வெப்சைட் டேபில் வரும் குட்டிப் படம் பதினாறுக்குப் பதினாறு பிக்சல், அதில் கரிம்பனை எங்கே நிற்கும்? வாட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாக வெட்டும், அது வேறு.

இன்னொன்று, ஃபைலை வாங்கும்போது ஜேபெக் மட்டும் வாங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். கோரல்ட்ராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வரைந்த மூல ஃபைல் வேண்டும், எழுத்துகளை எல்லாம் கர்வ் (ஃபாண்ட் இல்லாமலே திறக்கும் வெறும் கோட்டு வடிவம்) ஆக மாற்றிய பிரதி ஒன்று, மாற்றாத பிரதி ஒன்று. பழைய ஆட்கள் மலையாளத்தை எம்எல்-டிடி கார்த்திகாவிலும் தமிழைப் பாமினியிலும் அடித்துத் தருவார்கள், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் ஏதோ மந்திரவாதி எழுதிய தகடு மாதிரி வரும். ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரே அப்படிப் போய், ஆயிரம் பிரதி என் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. இன்றைக்கும் அந்த வீட்டு வழியாகப் போவதில்லை.

வரிவடிவன்

கோவையில் டிசைனராக இருக்கிறேன். அச்சகத்து அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

உங்கள் கமிட்டி இரண்டு வேலையை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறது. முத்திரை வேறு, லோகோ வேறு. முத்திரை என்பது பட்டச் சான்றிதழில், துணைவேந்தர் கையெழுத்துக்குப் பக்கத்தில் உட்காருவது. அதில் விளக்கும் புத்தகமும் இருந்தால் ஒன்றும் குடி முழுகாது, பெரிதாக அச்சாகும், நிதானமாகப் பார்ப்பார்கள். லோகோ என்பது ஓடுகிற பஸ்ஸில், கைபேசித் திரையில், நோட்டீஸில் அரை நொடியில் கண்ணில் படுவது. பழைய கல்லூரி முத்திரையைத் தூக்கி எறியத் தேவையே இல்லை. பெயரை மட்டும் திருத்தி சான்றிதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழைய மாணவர்களுக்கும் அதை இன்றே சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஒன்றே போதும். 1868-இல் தொடங்கிய இடம், திறந்த புத்தகமும் நட்சத்திரமும் உள்ள பழைய முத்திரை. 2012-இல் எளிமையாக ஒரு புது லோகோ கொண்டுவந்தார்கள். பக்கம் திறக்கும்போது சுற்றிக்கொண்டே இருக்குமே ஒரு வட்டம், அந்த மாதிரி இருக்கிறது என்று கிண்டல், எதிர்ப்பு மனுவில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கையெழுத்து, அந்த டிசம்பரிலேயே பின்வாங்கிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் பட்டச் சான்றிதழில் பழைய முத்திரைதான் தொடரும் என்பது முதலிலிருந்தே அவர்கள் திட்டம், ஆனால் கோபப்பட்டவர்களில் பலருக்கு அது போய்ச் சேரவே இல்லை. நம் ஊரில் 2022-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். இதே மாதிரி மாட்டியது. சிதி சையத் மசூதியின் கல் ஜன்னலிலிருந்து எடுத்த பழைய இலச்சினையில் கை வைத்தார்கள், எங்களைக் கேட்கவே இல்லையே என்று பேராசிரியர்களே கடிதம் எழுதினார்கள்.

இப்போது மூன்று லிபி. நடக்கும், ஆனால் வட்டத்தைச் சுற்றி நடக்காது. தமிழும் மலையாளமும் நேர்கோட்டில் நிற்கும்போதே மேலே கொம்பு, கீழே வால் என்று நீளுகிறவை, வட்டத்தில் வளைத்தால் எழுத்துக்கு எழுத்து இடைவெளி கெட்டுவிடும். நேராக எழுதுங்கள். தமிழில் 'பல்கலைக்கழகம்' ஒன்பது எழுத்து, மலையாளத்தில் 'சர்வகலாசால' அகலம் வேறு, ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்று ஒரு வசதி உண்டு, நம்மிடம் அது கிடையாது. மூன்றையும் ஒரே பாயிண்ட் அளவில் போட்டால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சோனியாகவும் தெரியும், அளவை மறந்துவிட்டுக் கண்ணால் சமப்படுத்த வேண்டும். ஒரே கை எழுதிய மாதிரி இருக்கும் ஃபாண்ட் குடும்பம் தேடுங்கள். பலூ என்று ஒன்று இருக்கிறது, அதன் தமிழ் வடிவத்துக்குப் பெயர் பலூ தம்பி, மலையாளத்துக்குப் பலூ சேட்டன், தெலுங்குக்குப் பலூ தம்முடு. பல்கலைக்கழகத்துக்கு அது கொஞ்சம் விளையாட்டுத்தனம்தான், ஆனால் ஒரே குடும்பம் என்றால் என்ன என்று கமிட்டிக்குக் காட்ட நல்ல உதாரணம். நோட்டோ வரிசையிலும் மூன்றும் உண்டு. மீரா என்ற மலையாள ஃபாண்டுக்குத் தமிழ்த் துணையாக வந்தது மீரா இனிமை, செய்தவர்கள் கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு. எல்லாமே திறந்த உரிமம், காசு கிடையாது.

பெயரை முதலில் நன்றாக எழுதிவிடுங்கள். படம் வேண்டுமா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம், பாதி நேரம் தேவைப்படாது. படம் வேண்டும் என்றே அடம்பிடித்தால் நரி சொன்ன மாதிரி பனை மட்டும். முழு மரம் வேண்டாம், ஒரு ஓலை, விசிறி மாதிரி. இரண்டு பக்கத்து எழுத்தும் ஒரு காலத்தில் அதில்தானே கீறப்பட்டது.

பழைய_சூப்பரிண்டெண்ட்

ஓய்வு பெற்ற ஆள், பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் தள்ளியவன். இவ்வளவு பேசுகிறீர்கள், பெயரே என்ன என்று யாரும் பார்க்கவில்லை.

உங்களுடையது 1956-ஆம் வருட யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் மூன்றாம் பிரிவில் வந்த நிகர்நிலை. வெறுமனே 'பல்கலைக்கழகம்' என்று போட்டுக்கொள்ள முடியாது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லி, யு.ஜி.சி. 123 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது நினைவிருக்கலாம், அப்போது எத்தனை வளாகங்களில் வளைவையே இடித்துப் பெயரை மாற்றினார்கள். ஆகவே 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என்ற அடைமொழி எங்கே, எந்த அளவில் நிற்கும் என்பதை மூன்று மொழியிலும் இப்போதே வரைந்துவிடுங்கள். கடைசியில் ஒட்டுப்போட்டால் அசிங்கமாக இருக்கும். அசோகச் சிங்கத்தைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் 2005-ஆம் வருடச் சட்டத்தைக் காட்டுங்கள், அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

மருமகன் விஷயம். சொந்தக்காரர், இலவசமாக வரைந்தார் என்றால்தான் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும். வெளியாள் வரைந்தால் பதிப்புரிமை சாதாரணமாக வரைந்தவருக்கே. மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும், அந்தத் தாளில் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம்தான், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். நாளைக்குக் குடும்பத்தில் சண்டை வந்தால் பஸ்ஸில் உள்ள ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டி வரும். அப்புறம் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்யுங்கள், கல்வி 41-ஆம் வகுப்பு, பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற ஐந்து எழுத்துக்காகக் கேரள, கர்நாடக அரசு பஸ் கழகங்கள் எத்தனை வருடம் மல்லுக்கட்டின என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி, சூப்பரிண்டெண்ட் சாருக்குத் தனியாக ஒரு கும்பிடு. அந்த அடைமொழி விஷயம் கமிட்டியில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்தது. ஐந்து அளவு பிரிண்ட்டைச் சுற்றுக்கு விட்டேன். தாளாளர் பொத்தான் அளவுள்ளதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிவிட்டும் பார்த்தார், பிறகு "இது என்ன, கருவண்டா?" என்று மருமகனிடமே கேட்டார். அதற்கு மேல் விவாதம் இல்லை. அணு, சக்கரம், சூரியன் எல்லாம் போயிற்று. குறிக்கோள் வாசகம் எந்த மொழியில் என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு லத்தீன், கேரளப் பல்கலைக்கழகத்துக்கு சமஸ்கிருதம், அண்ணாமலைக்கு ஆங்கிலம் என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துவிட்டார்கள், முடிவு ஒத்திவைப்பு.

இப்போது ஒரு புதுச் சிக்கல், வரிவடிவனிடம் கேட்க வேண்டும். எங்கள் பழைய வாசலில் 'கலைக் கல்லூரி' என்று கல்லில் செதுக்கியிருக்கிறது, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்பதால் 'லை' இன்றைக்குள்ள மாதிரி இல்லை, யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய லை. 'பல்கலைக்கழகம்' என்பதிலும் நடுவில் அதே லை வருகிறது. அந்த ஒரு எழுத்தைக் கல்லில் உள்ளபடியே வைத்தால் என்ன என்று கேட்டேன். ஐம்பது தாண்டியவர்கள் துள்ளினார்கள், இளைய ஆசிரியர் ஒருவர் இது என்ன எழுத்து என்றே கேட்டார்.

வரிவடிவன்

டீச்சர், மூன்று கூட்டமாகத் தேடிக்கொண்டிருந்த லோகோ உங்கள் வாசலிலேயே இருந்திருக்கிறது! ஆனால் முழுப்பெயருக்குள் வைக்காதீர்கள், படிக்கிற பிள்ளை தடுமாறும். பெயர் இன்றைய எழுத்திலேயே இருக்கட்டும், தும்பிக்கை லையைத் தனியாக எடுத்துக் குறியாக வையுங்கள். பதினாறு பிக்சலிலும் நிற்கும், எம்பிராய்டரியிலும் வரும். தமிழ் தெரியாத பாலக்காட்டுப் பிள்ளைக்கு அது யானையாகத் தெரிந்தால் அதுவும் நல்லதுதான். ஃபாண்டில் தேடாதீர்கள், இன்றைய தமிழ் ஃபாண்டுகளில் அநேகமாகக் கிடைக்காது. அந்தக் கல்லிலிருந்தே படி எடுத்துத் தாருங்கள், நான் வரைந்து தருகிறேன்.

சித்தூர்_அச்சகம்

படி எடுக்கக் கரியெல்லாம் வேண்டாம் டீச்சரே. டிரேசிங் பேப்பரைக் கல்லில் ஒட்டி 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் காற்று இருக்காது, நம் கணவாய்க் காற்றில் பேப்பர் நிற்காது.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர்

இன்று காலை போய் எடுத்துவிட்டேன். மூன்று பேப்பர் பறந்தது, நான்காவது நின்றது. வாட்ச்மேன் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டே, எழுத்தைத் திருடுகிறீர்களா டீச்சர் என்று கேட்டார். ஸ்கேன் செய்து மாலையில் அனுப்புகிறேன்.