திருகோணமலையில் ரிமோட் கிளைடர் போட்டி: எந்தப் பிரிவு, எந்த மாதம், எந்த வெளி?

நிலாவெளிக்காரன்:

வணக்கம். திருகோணமலையில் நாங்கள் ஏழு பேர் ஓய்வு நேரங்களில் ரிமோட் கிளைடர், அதாவது காற்றின் ஏற்றத்தில் மிதக்கும் சிறு மாதிரி விமானம், பறக்கவிட்டு வருகிறோம். மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் இதே பைத்தியம் பிடித்த சிலர் இருப்பதால், அவர்களையும் அழைத்து ஒரே நாளில் முடிகிற சிறிய போட்டி ஒன்றை நடத்த எண்ணியிருக்கிறோம். ஆனால் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. கோணேசர் மலையின் செங்குத்துப் பாறையில் மோதி மேலெழும் காற்றில் பறக்கவிடுவதைவிடச் சிறந்த காட்சி இலங்கையில் கிடைக்காது என்கிறார் ஒருவர். மோட்டர் பொருத்திய பெரிய கிளைடர்கள்தான் மதிப்பாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். எனக்கோ கையால் வீசும் கிளைடரே போதுமென்று தோன்றுகிறது.

இன்னொரு கவலையும் உண்டு. சென்ற ஆடி மாதம் கச்சான் என்னும் மேல்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நிலாவெளிக் கடற்கரைக்குச் சற்று உள்ளே நான் ஏற்றிய கிளைடர், நல்ல வெப்ப ஏற்றம் (சூடாகி மேலெழும் காற்று) ஒன்றில் வட்டமிட்டு உயர்ந்தபடியே கடலிலுள்ள புறாமலைத் தீவுப் பக்கம் போய், திருப்பிக் கொண்டுவர முடியாமல் கடலில் விழுந்துவிட்டது. ஏறுகிறதே என்ற மகிழ்ச்சியில் தூரத்தைப் பார்க்க மறந்தது என் பிழைதான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கதி நேரக்கூடாது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கொண்டல்:

முதலில் கோணேசர் மலையை மறந்துவிடுங்கள். அது கோயில் வளவு. அங்கே போகும் வழி கோட்டைக்குள்ளால். பாறை விளிம்பில் எந்நேரமும் யாத்திரிகர்கள் நிற்பார்கள். இவை எதுவும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும் காற்று இடங்கொடாது. சரிவில் பறப்பதற்குக் காற்று சரிவின் முகத்தில் நேராக வந்து மோத வேண்டும். சர்வதேச வானூர்தி விளையாட்டுக் கூட்டமைப்பின் சரிவுப் போட்டியான எஃப்3எஃப் பிரிவில், 100 மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு எல்லைகளுக்கிடையே பத்துத் தடவை ஓடி மொத்தம் 1000 மீற்றரைக் குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். அதற்குக் காற்றின் வேகம் செக்கனுக்கு 3 முதல் 25 மீற்றருக்குள்ளும், திசை சரிவின் செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகைக்குள்ளும் நிற்க வேண்டுமென்று விதி இருக்கிறது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்னும் பிளவுப் பக்கமுள்ள பாறை கடலைப் பார்த்து நிற்பது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசுகிற காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவது. அப்போது பாறையின் முன்புறத்தில் ஏற்றம் இருக்காது, சுழிக்காற்றும் இறக்கமும்தான் இருக்கும். காற்று கடலிலிருந்து வருகிற வாடைக் காலத்தில் மழையும் கூடவே வந்துவிடுகிறது.

உங்கள் கிளைடரைக் கடலுக்குக் கொண்டுபோனதும் அதே காற்றுத்தான். வெப்ப ஏற்றம் நின்ற இடத்தில் நிற்பதில்லை, காற்றோடு நகர்ந்துகொண்டே போகும். அதற்குள் வட்டமிடும் கிளைடரும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் காற்று போகும் பக்கம் தள்ளப்படும். திரும்பி வரும்போதோ அந்த முழுத் தூரத்தையும் எதிர்காற்றில் கடக்க வேண்டும். காற்று பலமான நாளில் கிளைடருக்குள் பித்தளைத் துண்டுகளைப் பாரமாக வைத்து அதன் வேகத்தைக் கூட்டுவது இதற்காகத்தான். கச்சான் காலத்தில் கடற்கரையோரம் போட்டி வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

வெண்பருந்து:

கொண்டல் சொன்ன காற்று விடயத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மோட்டர் பிரிவான எஃப்5ஜேயை ஆடம்பரமென்று ஒதுக்க வேண்டாம். அதன் அழகே புள்ளி முறையில்தான் இருக்கிறது. மோட்டரை அதிகபட்சம் 30 செக்கன் ஓட்டலாம். எவ்வளவு உயரத்துக்கு ஏறினீர்கள் என்பதைக் கிளைடருக்குள் இருக்கும் உயரமானி பதிவு செய்யும். 200 மீற்றர்வரை ஒவ்வொரு மீற்றருக்கும் அரைப் புள்ளியும், அதற்கு மேல் மீற்றருக்கு மூன்று புள்ளியும் கழிக்கப்படும். வேலை நேரம் எனப்படும், பறப்பதற்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தில் பறக்கும் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு புள்ளி; குறித்த இடத்திலிருந்து ஒரு மீற்றருக்குள் இறக்கினால் 50 புள்ளி. 80 மீற்றரில் மோட்டரை நிறுத்தி 9 நிமிடம் 58 செக்கன் பறந்து சரியாக இறக்கியவருக்கு 598இலிருந்து 40 கழித்து, 50 கூட்டி, 608 கிடைக்கும். அதே நேரம் பறந்து அப்படியே இறக்கியவர் 200 மீற்றருக்கு ஏறியிருந்தால் அவருக்கு 548தான். தாழப் புறப்படத் துணிகிறவனே வெல்லுகிற விளையாட்டு இது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எல்லோரிடமும் ஒரேவகை உயரமானி இல்லாவிட்டால் போட்டி சண்டையில்தான் முடியும்.

தாள்வயல்:

நான் தம்பலகாமத்துக்காரன். தம்பி நிலாவெளி, உங்களுடைய எண்ணமே சரி. பன்னிரண்டு பேர் வருவார்களென்று வைத்துக்கொள்ளுங்கள்; நால்வர் பறக்கும்போது வேறு நால்வர் நேரம் பார்க்க வேண்டும், மிச்சம் நால்வர் ஆறுதல் எடுக்கலாம். வெளியாள் ஒருவர்கூடத் தேவையில்லை. கையால் வீசும் எஃப்3கே பிரிவுக்கு இறக்கை நீளம் 1500 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது, நிறை 600 கிராமைத் தாண்டக்கூடாது. இறக்கை நுனியிலுள்ள சிறு ஆணியை இரு விரலால் பிடித்து, உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றி வீசுவதால் ஓடுபாதையும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

எனக்குப் பிடித்த சுற்று ஒன்றைச் சொல்கிறேன். பத்து நிமிடத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நிமிடப் பறப்புகளை விரும்பிய ஒழுங்கில் முடிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் சரியாகப் பத்து நிமிடம். அதாவது கிளைடரைக் கையில் ஏந்தி மறுபடி வீசுவதற்கென்று ஒரு செக்கன்கூட ஒதுக்கப்படவில்லை. நல்ல வீரன் இறங்கிவரும் கிளைடரின் இறக்கை நுனியைப் பிடித்த வேகத்திலேயே திரும்பி வீசிவிடுவான்; நிலத்தில் விழுந்ததை ஓடிப்போய் எடுக்கிறவன் அங்கேயே பத்துப் பதினைந்து செக்கனை இழப்பான். ஒரே குழுவில் பறந்தவர்களுக்குள் முதல்வருக்கு 1000 புள்ளி, மற்றவர்களுக்கு விகிதப்படி. முதல்வர் 580 செக்கனும் இன்னொருவர் 464 செக்கனும் பறந்தால் இன்னொருவருக்கு 800. காலையில் பறந்த குழுவுக்கு ஏற்றம் இல்லை, பதினொரு மணிக் குழுவுக்கு நிறைய இருந்தது என்ற முறைப்பாட்டுக்கு இதனால் இடமிருக்காது.

மாதம் என்றால் பங்குனி. பெரும்போக அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும், வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் தொடங்கியிராது. எங்கள் பக்கம் கரையிலிருந்து சற்று உள்ளே இருப்பதால், கடற்காற்று குளிர்ந்து வந்து வெப்ப ஏற்றங்களைக் கெடுக்க நேரமெடுக்கும். பிற்பகலில் இடிமழை கட்டுகிற மாதமென்பதால் காலை எட்டரைக்குத் தொடங்கி ஒரு மணியளவில் முடித்துவிடுங்கள். குழுவுக்கு ஒரு கால் மணித்தியாலமென்றால் ஆறு சுற்றுகள் முடியும். செம்பருந்து எங்கே இறக்கை அசைக்காமல் வட்டமிடுகிறதென்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வரம்புகளை மட்டும் கவனியுங்கள். அரிதாளில் இறங்கும் கிளைடருக்கு ஒன்றும் ஆகாது, வரம்பில் இறங்கினால் மூக்கு உடையும். உச்சி வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் லித்தியம் பற்றரியை விட்டுவைக்காதீர்கள்.

சீனன்குடா விமானத் தளம் எங்களுக்குத் தூரமில்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைக்கும் விமானத் தளத்துக்கும் இடம், திகதி, நேரம், உயரம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதி, எழுத்தில் பதில் வந்த பிறகே அழைப்பிதழ் அனுப்புங்கள். கைக்கிளைடரை வீசுகிற உயரம் தேர்ந்தவர்களுக்கே ஏறத்தாழ 60 மீற்றர்தான் என்றாலும், வெப்ப ஏற்றம் கிடைத்தால் அது அந்த உயரத்தில் நிற்கப்போவதில்லை.

நிலாவெளிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பங்குனியில் கைக்கிளைடர் போட்டி என்றே எங்கள் குழுவில் சொல்லிவிட்டேன். பாறை யோசனைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சரியாகிவிடுவார். தாள்வயல் அண்ணா, வருகிற சனிக்கிழமை வயலைப் பார்க்க வரலாமா? நேரம் பார்க்கப் பழகுவதற்கு நிறுத்தற்கடிகாரங்கள் நான்கு கொண்டுவருகிறேன்.

தாள்வயல்:

வாருங்கள். வெயில் ஏறுமுன் வாருங்கள், நாலு கடிகாரத்தோடு ஒரு தகரமும் தடியும் கொண்டுவாருங்கள். வேலை நேரம் தொடங்குவதையும் முடிவதையும் வயலின் மறுகரையில் நிற்பவனுக்கும் கேட்கும்படி அடித்துச் சொல்ல வேண்டும். கைபேசி மணிச் சத்தம் அங்கே எடுபடாது.