மலாக்காவில் பழைய வீட்டில் தங்கியவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மா, பிள்ளைகளோடு மூன்று நாள் மலேசியாவின் மலாக்கா போகிறோம். பெரிய ஹோட்டல் வேண்டாம், நடுவில் வானம் தெரியும் முற்றமும் மரப்படியும் உள்ள அந்தக் காலத்துக் கடைவீட்டில் (கீழே கடை, மேலே வீடு என்று கட்டியது), காலை உணவோடு தங்க ஆசை. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர், அதன் பழைய வீட்டில் தூங்கி எழுந்தால்தானே ஊர் தெரியும்! ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, இந்த வீடுகளில் படி ரொம்பச் செங்குத்து. கீழ்த்தளத்திலேயே அறையும் குளியலறையும் உள்ள இடம் யாருக்காவது தெரியுமா? ஜோங்கர் தெருவில் வார இறுதி இரவுச்சந்தை நடக்கும், அதனால் கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது. அப்புறம், மலாக்கா செட்டிகளின் (பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள்) பொய்யாத விநாயகர் கோயிலுக்கு நடந்தே போக முடிய வேண்டும், அம்மா காலையில் சாமி கும்பிடாமல் சாப்பிட மாட்டார். சைவச் சாப்பாடு தருவார்களா என்பதையும் சொல்லுங்கள்.