யானைக்கால் ஸ்ட்ரிப்: கால் வீங்கியவருக்கு நெகட்டிவ், வீங்காதவருக்கு பாசிட்டிவ். ஏன்?

அரசலாறு:
கும்பகோணம் பக்கம் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு எஃப்டிஎஸ் ஸ்ட்ரிப் (யானைக்கால் புழுவுக்கான ரத்தச் சோதனைப் பட்டை) போட்டிருக்கிறார்கள். பல வருடமாக இடது கால் வீங்கியிருக்கும் பாட்டிக்கு ஒரே கோடு. ஒரு தொந்தரவும் இல்லாத 22 வயதுப் பேரனுக்கு இரண்டு கோடு. ஸ்ட்ரிப் மாறிப்போயிருக்குமா? இன்னொன்று: மஞ்சள்காமாலை பி-க்கும் டிபிக்கும் ஊசி இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் இல்லை?

வெட்டாறு லேப்:
மாறியிருக்க வேண்டியதில்லை சார். முதலில் எப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள். விரல் நுனியில் குத்தி 75 மைக்ரோலிட்டர் ரத்தம் அளவுக் குழாயில் எடுத்து மெல்ல விட வேண்டும், சரியாக 10-வது நிமிடம் பார்க்க வேண்டும். முகாமில் கூட்டம் சேர்ந்தால் கோளாறு இங்கேதான் வரும். அரை மணி கழித்துப் பார்த்தால் இல்லாத கோடும் மங்கலாக எழும்பி நிற்கும். நேரத்துக்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ். ஸ்ட்ரிப் வேலை செய்கிறதா என்று காட்டும் கன்ட்ரோல் கோடே வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் குப்பைக்கு.

ஸ்ட்ரிப் தேடுவது வளர்ந்த புழு விடும் ஆன்டிஜெனை, அதாவது உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணும் பொருளை. அதனால் பகலிலும் போடலாம். அந்தப் புழு ஈனும் மைக்ரோஃபைலேரியா குஞ்சுகளைப் பார்க்க இரவு 10-லிருந்து 2 மணிக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரம் பார்த்துத்தான் அவை வெளி ரத்தத்துக்கு வரும்.

குடமுருட்டி:
பாட்டியின் காலில் அநேகமாக இப்போது உயிருள்ள புழு இல்லை, அது விட்டுப்போன சேதம்தான் இருக்கிறது. பேரனிடம் புழு உயிரோடு இருக்கிறது. பெண்புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், தையல் நூல் பருமன், நிணநீர்க் குழாய்க்குள் வருடக்கணக்கில் குடியிருக்கும். இவ்வளவு பெரிய அந்நியப் பொருள் உடம்புக்குத் தெரியாமல் இல்லை. கண்டும் காணாததுபோல் இருக்கப் புழு அதைப் பழக்கிவிடுகிறது. நோய் எதிர்ப்பை நடத்தும் டி செல்கள் புழுவிடம் மட்டும் மந்தமாகும், அழற்சியை அடக்கும் ஐஎல்-10 கூடும், அடக்கி வைக்கும் டி செல்கள் பெருகும். வழக்கமாக ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதங்களில் மிகச் சிறிய பங்கான ஐஜிஜி4 எகிறும். அது ஆன்டிஜெனில் ஒட்டும், ஆனால் யாரையும் உசுப்பாது. ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ உட்கார வேண்டிய இடத்தைப் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும்.

கால் வீங்குகிறவர்களிடம் இந்த அடக்கம் குலைகிறது. டிஎச்1, டிஎச்17 என்ற டி செல் வகைகள் தூண்டும் அழற்சி கிளம்பி, குழாயின் வால்வுகள் கெட்டு, நீர் தேங்குகிறது.

அதற்காகப் பேரனைச் சும்மா விடக் கூடாது. வெளியே தெரியாவிட்டாலும் குழாய் விரிந்துகொண்டிருக்கும். விரைப்பை அல்ட்ராசவுண்டில் புழு நெளிவதே தெரிவதுண்டு. ரேடியாலஜிஸ்டுகள் அதை 'ஃபைலேரியா டான்ஸ்' என்பார்கள். டாக்டரிடம் காட்டினால் வழக்கமாக 12 நாள் டிஇசி என்ற புழு மாத்திரை, கிலோவுக்கு 6 மி.கி., அதாவது 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 360 மி.கி., பிரித்து, சாப்பாட்டுக்குப் பின். முதல் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், தலைவலி வந்தால் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். குஞ்சுகள் சாவதால் வரும் காய்ச்சல் அது.

அரசலாறு:
அப்படியென்றால் ஊசி போட்டு அந்த மந்தத்தை உடைத்தால் என்ன?

கொள்ளிடம்:
அதுதான் ஆபத்தான வழி. உயிரோடு புழு உள்ளவரிடம் அடக்கத்தை உடைத்தால் பேரனைப் பாட்டியாக்குகிறோம். ஊசி குறிவைக்க வேண்டியது கொசு தோலில் இறக்கிவிடும் மூன்றாம் நிலை லார்வாவை, அது நிணநீர்க் குழாயில் குடியேறும் முன்.

மஞ்சள்காமாலை பி ஊசியும் அப்படித்தான் ஜெயிக்கிறது: பிறந்த 24 மணி நேரத்துக்குள், வைரஸுக்கு முந்திக்கொண்டு. நாள்பட்ட தொற்று வந்தவருக்கு அதே ஊசி வைரஸை விரட்டாது. டிபி ஊசியான பிசிஜியை உதாரணம் காட்டாதீர்கள். 1968-ல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை.

யானைக்காலுக்கு முயற்சி இல்லாமல் இல்லை. கதிர்வீச்சில் பலவீனப்படுத்திய லார்வா விலங்குகளைக் காத்தது. ஆனால் கொசுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் லார்வாவை வைத்து ஊருக்கே ஊசி தயாரிக்க முடியாது. அதனால் புழுவின் புரதங்களான ஏஎல்டி-2, எச்எஸ்பி12.6, டெட்ராஸ்பானின் துண்டு மூன்றையும் ஒரே புரதமாக இணைத்துப் பார்த்தார்கள். எலியில் கிடைத்த பாதுகாப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே பயன்படுவது யானைக்கால் தரும் இன்னொரு புழுவான புரூகியா மலாயி. நம்மூர் புழு உச்செரேரியா பான்கிராப்டி ஆய்வக எலிக்குள் முழு வாழ்க்கைச் சுழற்சியை முடிப்பதில்லை.

இன்னொரு முட்டுக்கட்டை ஐஜிஇ. பிரேசிலில் கொக்கிப்புழு ஊசி ஒன்றை ஏற்கெனவே அந்தப் புழுவைக் கண்ட ஊர்க்காரர்களுக்குப் போட்டபோது உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, சோதனையை நிறுத்தினார்கள். அவர்கள் ரத்தத்தில் அந்தப் புரதத்துக்கு ஐஜிஇ முன்பே இருந்தது. தலைமுறையாகக் கொசுக்கடி வாங்கிய டெல்டாவில் எந்தப் புரதத்தை எடுத்தாலும் முதலில் ஊர் ரத்தத்தில் இதைப் பார்த்தாக வேண்டும்.

வெண்ணாறு:
ஊசி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1980-களில் காரைக்காலில் டிஇசி கலந்த சமையல் உப்பு கொடுத்தே தொற்றை வெகுவாகக் குறைத்தார்கள். இன்று வீட்டில் செய்யக்கூடியது, செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் கொசுவலைத் துணி கட்டுவது.

அரசலாறு:
நன்றி. பாட்டிக்கும் டிஇசி கொடுக்கலாமா?

குடமுருட்டி:
புழு இல்லாவிட்டால் அதனால் வீக்கம் வடியாது. அவரைப் படுத்துவது பாக்டீரியா: நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, ஒவ்வொரு தடவையும் கால் ஒரு சுற்றுப் பெருக்கும். அது நுழையும் வாசல் விரலிடுக்கு. தினமும் சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியைத் திரி மாதிரி சுருட்டி ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். நான்காவது, ஐந்தாவது விரலுக்கு நடுவில் வெள்ளையாக ஊறியிருந்தால் சேற்றுப்புண் களிம்பு. படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை.